எடையைப் பகைத்தவர் – காலின் சாப்மன்

மோட்டார் கார் ஒன்று இன்னும் விரைவாக ஓட வேண்டுமானால் என்ன செய்யலாம்? யாரைக் கேட்டாலும் எஞ்சினைப் பெரிதாக்கச் சொல்வார்கள். எஞ்சின் பெருத்தால் அதைத் தாங்கும் சேசிஸ் பெருக்க வேண்டும். சேசிஸ் பெருத்தால் பிரேக் வலுக்க வேண்டும். டயர் தடிக்க வேண்டும். பெட்ரோல் டாங்கும் வளர வேண்டும். இத்தனையும் கூடிய பிறகு, அந்த எடையை இழுக்க எஞ்சின் மறுபடியும் போதாமற் போகும்! யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அந்தக் கதைதான்.

இங்கிலாந்து நாட்டவர் ஒருவர் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். ஆற்றலைக் கூட்டினால் நேர்ச்சாலையில் மட்டுமே பயன். எடையைக் குறைத்தாலோ கிளம்பும்போது பயன், நிறுத்தும்போது பயன், வளைவில் திரும்பும்போதும் பயன். டயரும் பெட்ரோலும் மிச்சம். நியூட்டனின் இரண்டாம் விதியைப் பள்ளியிலேயே படித்த நமக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விதியையே வாழ்க்கையாகக் கொண்டு, ஒவ்வொரு இராத்தலையும் பகைவனாகக் கருதிப் போராடியவர் அவர். பெயர் அந்தோணி காலின் புரூஸ் சாப்மன். லோட்டஸ் கார்களைப் படைத்தவர்.

அறிவியலறிஞர் வரலாற்றுக்கு நடுவே கார் கட்டியவர் வரலாறு எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். எனக்குக் கார் இல்லை, ஓட்டவும் தெரியாது. புனேயில் முதுகலை இயற்பியல் பயில்கிறேன். திண்மப் பொருள்களின் இயல்புதான் என் பாடம். விடுதியில் அடுத்த அறையில் இருக்கும் நாகபுரி நண்பர் தம் பாட்டனாரின் பிரீமியர் பத்மினியைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார். பானெட், டிக்கி மூடி, கதவுகள் எல்லாவற்றையும் இரும்புத் தகட்டிலிருந்து அலுமினியத்துக்கோ கண்ணாடியிழைக்கோ மாற்றினால் எவ்வளவு எடை குறையும் என்று ஒரு மாலை என்னைக் கேட்டார். கணக்கில் இறங்கிய நான் சாப்மனிடம் போய்ச் சேர்ந்தேன். படிக்கப் படிக்க வியப்பு வளர்ந்தது. ஓரிடத்தில் அச்சமும் வந்தது. அந்த இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சாப்மன் 1928-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் இலண்டனை அடுத்த ரிச்மண்டில் பிறந்தார். தந்தையார் வட இலண்டனில் ஹார்ன்சி என்னும் பகுதியில் ரயில்வே ஹோட்டல் என்ற விடுதியை நடத்திவந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் படிக்கச் சேர்ந்த இளைஞருக்குப் படிப்பைவிட வாணிகத்தில் நாட்டம் மிகுதி. போர் முடிந்த காலம். புதிய கார் கிடைப்பது அரிது. பழைய கார்களை வாங்கி விற்றுக் கையில் காசு சேர்த்தார். 1947-இல் பெட்ரோல் பங்கீட்டில் அரசு கைவைத்தது. பொதுமக்களுக்குரிய அடிப்படைப் பங்கு நிறுத்தப்பட்டதும் பழைய காரை வாங்குவார் இல்லை. இருந்தவற்றை நட்டத்துக்குத் தள்ளிவிட்டார். விலைபோகாமல் நின்றது பழைய ஆஸ்டின் செவன் ஒன்று.

மூலையில் கிடந்த அந்தப் பழைய வண்டிதான் எல்லாவற்றுக்கும் வித்து. அவர் காதலித்த ஹேசல் வில்லியம்ஸ் என்னும் பெண்ணின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால், மஸ்வெல் ஹில் பகுதியில், ஒரு கொட்டகை இருந்தது. அங்கே வைத்து ஆஸ்டினின் மேற்கூட்டைக் கழற்றினார். அதற்குப் பதிலாக, அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட் பலகையால் தாமே புதுக்கூடு கட்டினார். விமானங்களின் தோல் வெறும் போர்வையன்று. அதுவே பளுவையும் தாங்குகிறது. பல்கலைக்கழக விமானப் படைப் பிரிவில் பறக்கக் கற்றுவந்த மாணவருக்கு அந்த நுணுக்கம் கண்ணில் பட்டதில் வியப்பில்லை.

அக்காலக் கார் எப்படி இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால்தான் இதன் அருமை விளங்கும். பெரும்பாலான கார்கள் நம் மாட்டு வண்டியின் வழியிலேயே வந்தவை. அடியில் கனமான இரண்டு நீளச் சட்டங்கள். அவற்றின்மேல் ஏற்றி வைத்த ஒரு பெட்டி. பளு முழுவதையும் சட்டம் சுமக்கும். பெட்டி மழைக்கும் அழகுக்கும். அந்தப் பெட்டியின் எடையையும் சட்டமே சுமக்க வேண்டும்! பாலம் கட்டக் கற்றவரோ ஒவ்வொரு உறுப்பையும் நிறுத்தி, நீ எவ்வளவு பளு சுமக்கிறாய் என்று கேட்பார். சுமக்காத உறுப்புக்குப் பாலத்தில் இடமில்லை. சாப்மன் அந்தக் கேள்வியைக் காரிடம் கேட்டார்.

படிப்பின் நிலை என்னவென்றால், இறுதித் தேர்வில் கணிதத் தாளில் தவறி, மறு ஆண்டு எழுதித்தான் 1949-இல் பட்டம் பெற்றார். நம் மாணவர் சிலருக்கு இது ஆறுதலாக இருக்கும் என்பதற்காகச் சொல்லிவைக்கிறேன். சில காலம் விமானப் படையில் இருந்துவிட்டு, பிரிட்டிஷ் அலுமினியம் கம்பெனியில் பொறியாளராகச் சேர்ந்தார். அலுமினியத்தின் குணத்தைப் பகலில் அலுவலகத்தில் அறிந்தார். இரவில் கொட்டகையில் அதைச் சோதித்தார்.

1952-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் லோட்டஸ் என்ஜினியரிங் தொடங்கப்பட்டது. இடம், தந்தையாரின் ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம். முதல், ஹேசல் கடனாகக் கொடுத்த 25 பவுன். லோட்டஸ் என்றால் தாமரை. ஏன் அந்தப் பெயர் என்பதை அவர் வாழ்நாளில் வெளிப்படச் சொல்லவே இல்லை. அன்று அவருக்கு வயது 23. எனக்கும் இப்போது அதே வயதுதான். என் சொத்து ஒரு மிதிவண்டியும் இரண்டு பெட்டிப் புத்தகமும்!

அந்த லாயத்திலிருந்து வந்த முதல் விற்பனைக் கார் மார்க் ஆறு. மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்து, அவற்றின்மேல் அலுமினியத் தகடுகளை ஆணி அடித்து இறுக்கினார்கள். குழாய்ச் சட்டத்தின் எடை வெறும் 55 இராத்தல், அதாவது 25 கிலோ. நம் ஊர்க் கடையில் விற்கும் ஒரு சிப்பம் அரிசியின் எடை! இரண்டு பேர் ஏறி ஓடும் காரின் எலும்புக்கூட்டை ஒருவர் தோளில் தூக்கிச் செல்லலாம் என்றால் யார்தான் நம்புவார்? காரை முழுதாக விற்காமல் உறுப்பு உறுப்பாக விற்றதில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. பிரித்த நிலையில் விற்ற காருக்கு அன்றைய இங்கிலாந்தில் கொள்முதல் வரி இல்லை. வாங்கியவரே வீட்டில் வைத்துப் பூட்டிக்கொள்வார். எடையைப் போலவே வரியையும் தேவையற்ற சுமையாகத்தான் அவர் கருதியிருக்கிறார்!

1954-இல் ஹேசலை மணந்தார். அடுத்த ஆண்டு பிறந்ததும் அலுமினியக் கம்பெனி வேலையை விட்டு முழு நேரமும் லோட்டஸில் இறங்கினார். தாமே பந்தயத்தில் ஓட்டினார். பிறருடைய பந்தயக் கார்களுக்கும் சேசிஸ் வரைந்து கொடுத்தார்.

இங்கே கொஞ்சம் நின்று, நாகபுரி நண்பரின் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன். இதை அறிந்தால்தான் சாப்மன் எங்கே வென்றார், எங்கே தோற்றார் என்பது புரியும்.

எஃகின் அடர்த்தி 7.85, அலுமினியத்தின் அடர்த்தி 2.7. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆகவே அலுமினியத்துக்கு மாறினால் எடையும் மூன்றில் ஒரு பங்காகும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி ஆகாது. அலுமினியத்தின் யங் குணகமும் எஃகினுடையதில் மூன்றில் ஒரு பங்குதான். இழுத்துப் பார்த்தால் அதே விறைப்புக்கு மூன்று மடங்கு பருமனான அலுமினியக் கம்பி வேண்டும். ஈட்டியது எல்லாம் அங்கே போய்விடும். ஆனால் தகட்டை வளைக்கும்போது கணக்கு மாறுகிறது. வளைவை எதிர்க்கும் விறைப்பு தடிமனின் முப்படியைப் பொறுத்தது. தடிமனை 1.44 மடங்காக்கினாலே முப்படியில் அது மூன்று மடங்காகிவிடும். ஆகவே 0.9 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டுக்கு ஈடாக 1.3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு போதும், எடை சரிபாதி. அலுமினியத்தின் வெற்றி அதன் இலேசுத்தன்மையால் மட்டும் வந்ததன்று. இலேசாக இருப்பதால் தடிப்பாகப் போட முடிகிறது. தடிப்பினால் விறைப்பு வருகிறது.

பாலியெஸ்டர் பிசினில் தோய்த்த கண்ணாடியிழைப் பாயின் விறைப்பு இன்னும் குறைவு. எஃகில் ஏறக்குறைய இருபத்தெட்டில் ஒரு பங்கு. எனவே தகட்டைப் போல மூன்று மடங்கு தடிப்பு வேண்டும். அடர்த்தி 1.5 தான் என்பதால், அப்படியும் எஃகின் எடையில் பத்தில் ஆறு பங்குக்குள் அடங்கிவிடும். விறைப்பை மட்டும் பார்த்தால் அலுமினியமே சிறந்தது. ஆனால் அலுமினியத்தை அடித்து வளைக்கக் கைதேர்ந்த தொழிலாளி வேண்டும். அடிக்க அடிக்க அது இறுகும். இடையிடையே சுடவைத்து இளக்காவிட்டால் வெடிக்கும். கண்ணாடியிழைக்கோ ஓர் அச்சு இருந்தால் போதும். எந்த வளைவும் எளிதில் வரும். வளைந்த தகடு தட்டைத் தகட்டைவிட விறைப்பானது என்பதை ஒரு தாளை வளைத்துப் பிடித்தே அறியலாம்.

நண்பருக்கு நான் சொன்ன முடிவு இதுதான்: பானெட்டையும் டிக்கி மூடியையும் மாற்றலாம். அவை மூடிகள் மட்டுமே. வண்டியின் பளுவைச் சுமப்பவை அல்ல. வண்டியின் இரு கோடிகளிலும் இருப்பதால், அங்கே குறையும் எடை நிலைமத் திருப்புத்திறனையும் குறைத்து வண்டியை எளிதாகத் திரும்பச் செய்யும். கதவைத் தொட வேண்டாம். பக்கவாட்டில் மோதல் வந்தால் நமக்கும் மரணத்துக்கும் இடையில் நிற்பது கதவுதான். கூரையையும் அடிப்பக்கச் சட்டங்களையும் எண்ணிக்கூடப் பார்க்கக் கூடாது. நண்பருக்குக் கதவை விட மனமில்லை; வழக்கு இன்னும் நடக்கிறது.

இனி சாப்மனிடம் திரும்புவோம்.

1957-இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் எலீட் என்னும் கார் வைக்கப்பட்டது. பார்த்தவர் மலைத்தனர். அதில் தனிச் சேசிஸே இல்லை! முழு உடலும் கண்ணாடியிழை. முட்டைக்கு ஓடே எலும்பாவதுபோல, காருக்கு அதன் தோலே எலும்பு. மொத்த எடை அரை டன்னை ஒட்டியது. கோவெண்ட்ரி கிளைமாக்ஸின் 1216 சி.சி. எஞ்சின் ஒன்றே அதற்குப் போதும் போதுமென்றிருந்தது. காற்றை அது கிழித்த விதமும் அக்காலத்துக்கு அரிய ஒன்று. ஆனால் எஞ்சினின் அதிர்வு முழுவதும் உடலில் ஏறிப் பறைபோல் முழங்கியது. கதவின் வளைவால் கண்ணாடியை இறக்க முடியாது. காற்று வேண்டுமானால் கழற்றித்தான் வைக்க வேண்டும். ஏறக்குறைய ஆயிரம் வண்டிகள் விற்றும் கம்பெனிக்கு நட்டமே மிஞ்சியது.

அடுத்து 1962-இல் வந்த எலானில் சாப்மன் ஒரு படி இறங்கிவந்தார். எஃகுத் தகட்டை மடித்துச் செய்த முதுகெலும்பு ஒன்று நடுவில். அதன்மேல் கண்ணாடியிழை உடல். பளுவை எஃகு சுமக்கட்டும், வடிவத்தை இழை கொடுக்கட்டும் என்று வேலையைப் பகிர்ந்துவிட்டார். எடை 700 கிலோவுக்கும் குறைவு. அவர் கட்டிய சாலைக் கார்களில் எலானே சிறந்தது என்பது என் கருத்து. கொள்கைக்காக மட்டும் கட்டாமல், ஓட்டுபவருக்காகவும் கட்டிய கார் அது.

இலேசான தகட்டைச் சாதாரணக் குடும்பக் காருக்குப் போர்த்திய கதை 1963-இல் நடந்தது. ஃபோர்டு கம்பெனி தன் கார்ட்டினாவைப் பந்தயத்தில் வெல்லச் செய்ய விரும்பியது. ஆயிரம் வண்டிகள் கட்டினால்தான் அந்த வகுப்பில் பந்தயத்துக்கு ஏற்பார்கள். பணி லோட்டஸிடம் வந்தது. அப்போது லோட்டஸ் இலண்டனுக்கு வடக்கே செஷண்ட் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தது. ஃபோர்டு இரண்டு கதவுக் கூட்டை அனுப்பும். சாப்மனின் ஆட்கள் 1557 சி.சி. இரட்டைக் காம்ஷாஃப்ட் எஞ்சினைப் பொருத்துவர். கதவுக்கும் பானெட்டுக்கும் டிக்கி மூடிக்கும் அலுமினியத் தோல் போடுவர். கியர்ப்பெட்டியின் உறையைக்கூட இலேசான உலோகத்தில் மாற்றுவர். பின்புறத்துப் பட்டை வில்லை எடுத்துவிட்டுச் சுருள்வில்லும் ஒரு முக்கோணத் தாங்கியும் வைத்தனர். வெள்ளை நிறம், பக்கத்தில் ஒரு பச்சைப் பட்டை. ஜிம் கிளார்க் அதை ஓட்டி வளைவில் திரும்பினால் உட்பக்கத்து முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். காண்பவர் மூச்சும் ஒரு கணம் நிற்கும்! 1964-இல் பிரிட்டனின் சலூன் கார்ப் பட்டத்தை அவர் அந்த வண்டியில்தான் வென்றார்.

பந்தயக் களத்தில் வென்றது கடைத்தெருவில் நிலைக்கவில்லை. முக்கோணத் தாங்கி பின் அச்சின் பெட்டியை வருத்தியது, எண்ணெய் கசிந்தது, கசிந்த எண்ணெய் ரப்பர் புஷ்களைத் தின்றது. 1964-இன் நடுவிலேயே அலுமினியத் தகடுகள் கேட்பவருக்கு மட்டும் என்றாகி, மற்ற வண்டிகளுக்கு எஃகுத் தகடே வந்தது. 1965-இல் பட்டை வில்லும் திரும்பிவிட்டது. அலுமினியமும் எஃகும் ஒட்டி, இடையே உப்பு நீர் புகுந்தால் அது ஒரு மின்கலம், அலுமினியம்தான் அரிக்கப்படும். குளிர்காலச் சாலைகளில் உப்புத் தூவும் நாட்டில் அரிப்பைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! இன்று அந்தப் பழைய கார்களைப் புதுப்பிப்பவர்கள், எஃகுச் சட்டத்தின்மேல் தோல் மடிந்த விளிம்புகளைத்தான் முதலில் ஆராய்கிறார்கள்.

பந்தயத்தில் சாப்மன் ஏறிய உயரத்தை விரிவாகச் சொல்ல இடமில்லை. 1962-இல் ஃபார்முலா ஒன்றுக்காக அவர் கட்டிய லோட்டஸ் 25, குழாய்ச் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அலுமினியத் தகட்டுத் தொட்டியையே உடலாகக் கொண்டது. முந்தைய சட்டத்தைவிட மூன்று மடங்கு விறைப்பு, எடையோ பாதி என்றனர். 1963-இல் ஜிம் கிளார்க் உலக வாகையர். 1965-இல் மீண்டும் அவரே; அதே ஆண்டில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயமும் அவருக்கே. 1967-இல் வந்த லோட்டஸ் 49-இல் எஞ்சினே சேசிஸின் பின்பாதி ஆயிற்று. சுமையாக இருந்த எஞ்சின் சுமக்கும் உறுப்பாக மாறியது! தம் வண்டி வென்றால் சாப்மன் ஓடிவந்து தலையிலுள்ள கறுப்புத் தொப்பியைக் கழற்றி வானத்தில் வீசுவார். அந்தத் தொப்பி பறப்பதைக் காணவே கூட்டம் காத்திருக்கும். அவர் காலத்தில் லோட்டஸ் ஏழு முறை கட்டுநர் பட்டம் வென்றது; ஓட்டுநர் பட்டம் ஆறு.

இப்போது நான் அச்சம் என்று சொன்ன பகுதி.

1960-ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் ஸ்பா களத்தில் பந்தயத்துக்கு முந்திய பயிற்சி நடந்தது. லோட்டஸ் 18 ஓட்டிய ஸ்டெர்லிங் மாஸின் வண்டியில் பின் சக்கரம் கழன்றது; அவர் தூக்கி எறியப்பட்டார்; கால்கள் முறிந்தன. அதே பயிற்சியில் மைக் டெய்லர் என்பவரின் லோட்டஸில் ஸ்டீயரிங் தண்டு விட்டுப்போனது. அவர் பிழைத்தார், பிறகு லோட்டஸ்மேல் வழக்குத் தொடர்ந்து ஈடு பெற்றார். 1968 ஏப்ரல் 7 அன்று ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் ஜிம் கிளார்க் மரங்களில் மோதி இறந்தார். பின் டயரில் காற்று இறங்கியதே காரணம் என்பது பெரும்பாலோர் முடிவு. அதற்குச் சாப்மனைக் குறை சொல்ல இயலாது. உடன்பிறந்தானை இழந்தவர் போலானார் அவர்.

அடுத்த ஆண்டு ஸ்பெயினில் பார்சலோனாவில் நடந்ததற்கு அப்படிச் சொல்ல முடியாது. வண்டிக்கு மேலே மெல்லிய கால்களில் உயர்ந்து நின்ற இறக்கைகள், கிரகாம் ஹில்லுக்கும் யோகன் ரிண்டுக்கும் ஒரே பந்தயத்தில், ஏறக்குறைய ஒரே இடத்தில் முறிந்தன. இருவர் வண்டியும் நொறுங்கின. ரிண்ட் காயத்தோடு தப்பினார். பிறகு சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். வண்டிகள் போதிய விரைவுடன் இருக்கின்றன, சில இராத்தல் எடையைக் கூட்டி வலுவற்ற உறுப்புகளை உறுதிசெய்தாலும் வெற்றி கைவிட்டுப் போகாது என்பது அதன் சாரம். இயற்பியல் மாணவன் என்ற முறையில் அந்தக் கடிதத்தின் கணக்கை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். ரிண்ட் கேட்டது மிகச் சிறிய தொகை. ஒரு பந்தய வண்டியின் மொத்த எடையில் அது நூற்றில் ஒரு பங்குகூட இராது.

1970 செப்டம்பர் 5 அன்று இத்தாலியில் மான்ஸா களத்தில் பயிற்சி. ரிண்ட் லோட்டஸ் 72-ஐ ஓட்டினார். அந்த வண்டியில் முன் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லை. சக்கரத்தின் எடையைக் குறைப்பதற்காக அவற்றை வண்டிக்குள் வைத்து, ஒரு தண்டினால் சக்கரத்தோடு இணைத்திருந்தார்கள். வளைவுக்கு முன் பிரேக் மிதித்தபோது வலப்பக்கத் தண்டு முறிந்தது. வண்டி இடப்புறம் பாய்ந்து தடுப்பில் புகுந்தது. சரியாக அமைக்கப்படாத தடுப்பும் அவர் உயிரைக் கொண்டுபோனது என்று ஆய்வாளர் கண்டனர். இத்தாலிய நீதிமன்றத்தில் வழக்கு நடந்து சாப்மன் விடுவிக்கப்பட்டார். அவ்வாண்டு ரிண்ட் அதுவரை சேர்த்திருந்த புள்ளிகளை வேறு எவரும் எட்டவில்லை. இறந்த பின் உலக வாகையரானவர் அவர் ஒருவரே. பட்டத்தை அவர் மனைவி பெற்றுக்கொண்டார்.

சாப்மனைக் கொலைகாரர் என்பாரோடு நான் சேரமாட்டேன். அக்காலப் பந்தயத்தில் எல்லா அணியினரும் மடிந்தார்கள். பாதுகாப்பு என்ற சொல்லே பலருக்கு வெறுப்பாக இருந்தது. ஆயினும் ஒன்றை மறைக்க முடியவில்லை. பாலம் கட்டுபவன் ஒவ்வொரு உறுப்புக்கும் அது சுமக்கும் பளுவுக்கு மேல் ஒரு காப்பு எண் வைப்பான். தன் கணக்கில் தனக்கே தெரியாமல் இருக்கும் பிழைக்காக அவன் ஒதுக்கும் பங்கு அது. சுமக்காத உறுப்பை நீக்கிய வரையில் சாப்மன் மேதை. காப்பு எண்ணைத் தொட்ட இடத்தில் அவர் செலவழித்தது தம் சொத்தையன்று, வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவனுடையதை. இந்த எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று நம் பாடநூல்கள் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுகின்றன.

1966-இல் நார்ஃபோக்கின் ஹெத்தல் விமானத்தளத்துக்கு மாறிய கம்பெனி பெரிதாக வளர்ந்தது. 1972-இல் எமர்சன் ஃபிட்டிபால்டி வாகையர். 1978-இல் காரின் அடிவயிற்றையே தலைகீழ் இறக்கையாக்கி, ஓடும் காற்றைக் கொண்டே வண்டியைத் தரையோடு அழுத்திய லோட்டஸ் 79-ஐக் கட்டினார். மரியோ ஆண்ட்ரெட்டிக்கு அதனால் பட்டம். எடை கூடாமல் எடையின் பிடிப்பு கிடைத்தது! அவருடைய கருத்துகளில் இதுவே மிகக் கூர்மையானது.

அதே 1978-இல் டிலோரியன் என்னும் அமெரிக்கர் வடக்கு அயர்லாந்தில் பிரிட்டிஷ் அரசின் பணத்தோடு கார் தொழிற்சாலை தொடங்கினார். அந்தக் காரை உருவாக்கும் பொறுப்பை லோட்டஸ் ஏற்றது. முதுகெலும்புச் சேசிஸும் கண்ணாடியிழை உடலும் சாப்மனின் வழக்கப்படியே. ஆனால் மேலே போர்த்தியது துருவேறா எஃகுத் தகடு. ஒரு பளுவும் சுமக்காத வெறும் போர்வை! வாழ்நாள் முழுதும் எதை வெட்டி எறிந்தாரோ அதையே சுமந்துகொண்டு வெளிவந்தது அந்தக் கார். வேலைக்கான பணம் பனாமாவில் பதிவான, ஜெனீவாவிலிருந்து நடந்த ஒரு கம்பெனி வழியாகப் போனது. ஏறக்குறைய ஒரு கோடி பவுன் வழியிலேயே மறைந்தது.

விசாரணை நெருங்குவதற்குள், 1982 டிசம்பர் 16 அன்று, மாரடைப்பால் சாப்மன் இறந்தார். வயது 54. அவருடைய நிதிப் பொறுப்பாளர் ஃபிரெட் புஷெல் 1992-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். சாப்மன் உயிரோடு இருந்திருந்தால் குறைந்தது பத்தாண்டு கிடைத்திருக்கும் என்று நீதிபதி கருத்துரைத்தார்.

அவருடைய பந்தய அணி 1994-ஆம் ஆண்டுப் போட்டிகளோடு முடிந்தது. பெயருக்கு மட்டும் ஆயுள் நீண்டது. 2011-இல் நம் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் ஜெர்மன் கிராண்ட் பிரீயில் ஓட்டிய அணிக்கும் டீம் லோட்டஸ் என்றே பெயர்; பழைய அணிக்கும் அதற்கும் உறவு பெயரளவில்தான்.

ஒரு வண்டி மட்டும் இன்னும் பிறந்துகொண்டிருக்கிறது. மார்க் ஆறின் வழியில் 1957-இல் வந்த லோட்டஸ் செவன், 1973-இல் கேட்டர்ஹாம் என்னும் கம்பெனியின் கைக்கு மாறியது. அவர்கள் அதை இன்றும் கட்டுகிறார்கள். அதே மெல்லிய எஃகுக் குழாய்கள். பக்கங்களில் அதே அலுமினியத் தகடு. பானெட்டுக்குக் கீல்கூடக் கிடையாது. இரு பக்கத்துக் கொக்கிகளையும் விடுவித்து, ஒருவரே அதைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிடலாம்.